முதலில் ஸாரி சொல்லக் கற்றுக்கொடுத்தேன்

பவித்ரா,

போன ஞாயிற்றுக்கிழமை செங்காங் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, சோற்றில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாய். "ஒசாக்காவுல வேலை கிடைச்சிருக்கும்மா. ரெண்டு வருஷம். பெரியவங்களுக்கு இங்கிலிஷ் சொல்லிக் குடுக்கணும். வெறும் கிராமர் இல்ல, எங்க எப்படி நடந்துக்கணும், எப்படிப் பேசணும், அதெல்லாம் சேர்த்து." உன் அப்பா இடது கையை நீட்டி உன் தலையைத் தொட்டார். நான் "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றேன். மின்தூக்கியில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னேன். நீயும் "தேங்க்ஸ்மா" என்றாய். அதோடு பேச்சு முடிந்து, அப்பாவும் நீயும் ஜப்பான் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். நீ போகப்போகும் வேலையை நானும் ஒன்பது ஆண்டுகள் செய்தவள். அதைப் பற்றி நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாதிக் கதை உனக்குத் தெரியும். மீதியை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாம் பூன் லேயில் இருந்த காலம். வாரநாளில் எனக்கு ஆபீஸ் வேலை. ஞாயிறு மத்தியானம் தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், வீட்டு வேலைக்குச் சிங்கப்பூர் வந்திருக்கும் நம் பெண்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு எடுப்பேன். உன்னைத் தனியாக வீட்டில் விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பள்ளிப்பாடம் எழுதுவாய். கீழே கடையிலிருந்து பெருங்காயமும் ஊதுபத்தியும் கலந்த வாசனை ஏறிவரும். பதினைந்து, இருபது பேர் வருவார்கள். எல்லோரும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நல்ல சேலை கட்டுவார்கள், தலையில் பூ வைப்பார்கள். வார்த்தைகளைவிடப் பழக்கவழக்கம் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு அங்கே பெரிய வேலையாக இருந்தது. நம் பெண்கள் வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லமாட்டார்கள் அல்லவா, "வர்றேன்" என்றுதானே சொல்வார்கள். அதையே ஆங்கிலத்தில் "ஐ கம், மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மேடம் வாசலைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். எங்கே போகிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று பிரியமாகக் கேட்பார்கள். வேவு பார்ப்பதாக வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டித் திருத்துவது என் கடமை என்று நான் நினைத்தேன்.

மல்லிகாவை நீ மறந்திருக்க மாட்டாய். அரியலூர்ப் பக்கத்துக்காரர். அப்போது முப்பத்துநாலு வயது இருக்கும். அப்பர் தாம்சன் பக்கம் ஒரு கொண்டோ அடுக்குமாடி வீட்டில் வேலை. பக்கவாதம் வந்து பேச்சுக் குழறிப்போன பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்பிள்ளையையும் கவனிக்க வேண்டும். வகுப்பில் நாடகம்போல நடித்துப் பழகுவோமே, அதில் நீதான் எப்போதும் மேடம். உனக்குப் பதினைந்து வயது. கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பாய். மல்லிகா வந்து "குட் மார்னிங் மேடம், நல்லா தூங்குனீங்களா?" என்று கேட்டதும் உன் விறைப்பு உடைந்து சிரித்துவிடுவாய். "தேங்க் யூ" சொல்ல அவருக்கு வாயே வராது. "கூடப் பொறந்தவகிட்ட நன்றின்னு சொன்னா அந்நியமாப் போயிடும் டீச்சர். நான் மனசுல வச்சுக்கிறேன்" என்பார். மனசில் இருப்பது மேடத்துக்குத் தெரியாது, வாயில் வர வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன். ஆறு மாதத்தில் அவர் வாயிலிருந்து தேங்க் யூ, ப்ளீஸ், எக்ஸ்கியூஸ் மி எல்லாம் வந்தன. எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது ஸாரி.

அந்த ஸாரிக்கு நான் ஒரு விதியே வைத்திருந்தேன். ஏதாவது தவறு நடந்துவிட்டால், யார் மேல் தப்பு என்று பார்க்காதீர்கள், காரணம் சொல்லாதீர்கள், முதலில் ஸாரி சொல்லுங்கள். காரணம் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாக நினைப்பார்கள். அவர்களாகக் கேட்டால் பிறகு விளக்கம் சொல்லலாம். இதைப் பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் உரக்கச் சொல்லவைப்பேன். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து நீ கேட்டாய். "அவங்க கேக்கவே இல்லைன்னா?" நான் சிரித்துக்கொண்டே, "கேப்பாங்க. படிச்சவங்க எல்லாரும் கேப்பாங்க" என்றேன்.

நடந்தது ஒரு புதன்கிழமை காலையில். அந்த வீட்டுப் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட வழக்கமாக மேடமே கீழே போவார். அன்று அவருக்கு ஆபீசில் ஏதோ அவசரம். "இன்றைக்கு நீயே கூட்டிக்கொண்டு போ" என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்துப் போய்விட்டார். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். பேருந்து இருபது நிமிடம் தாமதமாக வந்தது. மல்லிகா மேலே ஓடிவந்தபோது பெரியவர் குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு மேடத்துக்கு போன் செய்தார். மேடம் கேட்ட முதல் கேள்வி, "அவரைத் தனியாக விட்டுவிட்டாயா?" மல்லிகா சொன்ன பதில், "எஸ் மேடம். ஸாரி மேடம். வெரி ஸாரி மேடம்." அடுத்த இரண்டு நாளும் மேடத்திடமும் அவர் கணவரிடமும் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களிடமும் மல்லிகா சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்லக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய வேலை பர்மிட்டை ரத்து செய்ய ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மல்லிகா என்னைக் கூப்பிட்டார். நான் சமையலறையில் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீ மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். நடந்ததை அழாமல் சொன்னார். கடைசியில், "நீங்க ஒரு வார்த்தை பேசுங்க டீச்சர். அவங்க மாதிரியே உங்களுக்குப் பேச வரும். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். பேசுகிறேன் என்றேன். மேடத்தின் நம்பரை எழுதிக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அதன் கீழே ஆங்கிலத்தில் வரிவரியாக எழுதிவைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். அந்தப் பெண்மணியின் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. நான் யார் என்று சொன்னதும், "நீங்கள் கூப்பிட்டது எவ்வளவு நல்ல மனசு. ஞாயிறு தவறாமல் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களாமே. உங்களைப் போன்றவர்கள் குறைவு" என்றார். நான் தேங்க் யூ சொன்னேன். "அவள் மோசமான பெண் இல்லை. ஆனால் தப்பை அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள், எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டாள். இனி அவளை நம்பி மாமனாரை எப்படி விடுவது? எங்கள் நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்." காகிதம் என் கையில் இருந்தது. முதல் வரியே, அவரைக் கீழே அனுப்பியது நீங்கள்தான் என்பது. அதைப் படிக்க வேண்டியதுதான் பாக்கி. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி தயங்கினேன். அந்த நொடியில் என் வாய் தானாகவே, "ஆஃப் கோர்ஸ், ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றது. "நீங்கள் ரொம்பப் பண்பானவர்" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான். ஆனால் இருந்தது. அப்படி ஒரு வீட்டுப் பெண்மணி என்னைத் தனக்குச் சமமாக வைத்துப் பேசியது பெருமையாக இருந்தது. திரும்பினால் நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அம்மா, மேடம்தான் கீழ போகச் சொன்னாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"பெரியவங்க பேசும்போது ஒட்டுக்கேக்கிறது என்ன பழக்கம்?"

"மறுபடி கூப்பிடுங்கம்மா. இப்பவே. ப்ளீஸ்லா."

"பவித்ரா, போதும். மேனர்ஸ் வேணும்."

நான் மறுபடி கூப்பிடவில்லை. அன்றைக்கும் இல்லை, ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. மல்லிகா கூப்பிட்டபோது, "பேசிப் பார்த்தேன், அவங்க முடிவு பண்ணிட்டாங்க" என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை அவரை விமானம் ஏற்றினார்கள். அன்று பள்ளி முடிந்ததும் நீ சீருடையோடு எம்ஆர்டி ரயில் ஏறி, பூன் லேயிலிருந்து சாங்கிக்கு, தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தனியாகப் போயிருக்கிறாய். ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தாய். எங்கே போனாய், சொல்லாமல் போகலாமா என்று நான் கத்தி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாய். பிறகு, "மல்லிகா ஆன்ட்டி உங்ககிட்ட ஸாரி சொல்லச் சொன்னாங்க. டீச்சருக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்னு" என்று சொல்லிவிட்டு உன் அறைக்குள் போனாய். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ வகுப்புக்கு வரவில்லை. நான் இன்னும் நாலு ஆண்டுகள் எடுத்தேன். அதே விதியைப் பலகையில் எழுதினேன் என்று சொன்னால் உனக்கு வெறுப்பாக இருக்கும். ஆனாலும் எழுதினேன். அழித்தால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும் அல்லவா?

அதன் பிறகு நீ என்னிடம் மரியாதைக்குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அதுதான் உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை. மகள் அடங்கிவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று உன் சித்தியிடம் சொல்லி மகிழ்ந்தேன். இருபத்தெட்டு வயதில் உட்லண்ட்ஸில் வாடகைக்கு அறை எடுத்துப் போனாய். வேலைக்குப் பக்கம் என்றாய். போன வருஷம் உனக்கு வயிற்றில் கட்டி என்று அறுவை சிகிச்சை நடந்து, நாலு நாள் படுத்திருந்து, தையல் பிரித்த பிறகுதான் சித்தி மூலமாக எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் தினமும் உனக்கு வாட்சப்பில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். நீ தினமும் "ஃபைன்மா, தேங்க் யூ" என்று எழுதியிருக்கிறாய். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் குறைகளைக் கொட்டக்கூடாது, ஃபைன் தேங்க் யூ என்று சொல்லி நிறுத்த வேண்டும் என்று அந்த மாடியில் நான் சொல்லிக்கொடுத்ததைக் கடைசி பெஞ்சில் நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய். அந்த ஏழு பதில்களையும் வரிசையாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் மல்லிகாவைத் தேட ஆரம்பித்தேன்.

தேக்கா சந்தையில் என் பழைய மாணவி ஜோசபின் இன்னும் காய் வாங்க வருவார். அவரிடம் நம்பர் கிடைத்தது. மார்ச் மாதம் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேனே, அதற்கு மறுநாள் பஸ் ஏறி அரியலூர் போனேன். சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரிகள் ஓயாமல் போகும் சாலை. ஓரத்து வீடுகள் எல்லாம் வெள்ளையாகத் தூசு படிந்திருந்தன. மல்லிகா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, சாப்பாடும் போட்டார். உன்னைத்தான் முதலில் விசாரித்தார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, திருச்சியிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை ஆரம்பித்தேன். "மல்லிகா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான்…"

"அது இருக்கட்டும் டீச்சர்" என்றார். "மொதல்ல நடந்தத கேளுங்க. இன்னி வரைக்கும் ஒருத்தரும் முழுசா கேக்கல."

ஒரு மணிநேரம் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. கீழே இறங்கும் முன் பெரியவரின் இரண்டு பக்கமும் தலையணை வைத்தது, பேருந்து வரவில்லை என்றதும் வாசல் காவலாளியிடம் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியது, அவன் முடியாது என்றது, ஆம்புலன்ஸ் வரும்வரை பெரியவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவர் இவருடைய கையை விடாமல் பிடித்திருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு, கிழவரைத் தள்ளிவிட்டுவிட்டு வந்தவள் என்று பேச்சுப் பரவியது. "எம் பொண்ணப் பாக்க வந்தவங்க, உங்கம்மா சிங்கப்பூர்ல என்ன பண்ணிட்டு வந்தாங்கன்னு அவகிட்டயே கேட்டாங்க. ரெண்டு இடம் தட்டிப்போச்சு. மூணாவதாத்தான் அமஞ்சுது." குரலை உயர்த்தாமல் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்க அன்னிக்குப் பேசியிருக்கணும் டீச்சர்."

"ஆமா" என்றேன். பஸ் ஏற்றிவிட வந்தவர், ஜன்னல் ஓரம் நின்று, "அந்த மேடம் இருந்தா இப்பவாச்சும் சொல்லுங்க. நான் சும்மா விட்டுட்டுப் போகலன்னு. எனக்கு அது போதும்" என்றார்.

இங்கே வந்த பிறகும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முதல் வாரம்தான் அப்பர் தாம்சன் போனேன். அதே வீடு. அந்தப் பெண்மணிக்கு அறுபதை நெருங்கும். பெரியவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் பெயரைச் சொன்னதும், "நினைவிருக்கிறது, நீங்கள் பண்பாகப் பேசினீர்கள்" என்று சொல்லி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் தேநீர் வரும், தேநீர் வந்தால் தேங்க் யூ சொல்வேன், பிறகு எதையும் சொல்லமாட்டேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. நின்றுகொண்டே சொன்னேன். அன்று நான் பண்பாகப் பேசியதுதான் தப்பு என்றேன். மல்லிகாவைக் கீழே அனுப்பியது நீங்கள்தான் என்றேன். இலக்கணம் இரண்டு இடத்தில் உதைத்தது. அவர் மறுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "மருத்துவமனைக்குக் காரில் போகும்போதே நினைவு வந்துவிட்டது. என் கணவரிடம் சொல்லத் தைரியம் இல்லை. அது அவருடைய அப்பா. அவள்தான் விடாமல் ஸாரி சொல்லிக்கொண்டே இருந்தாளே, அதை அப்படியே விட்டுவிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டதாக அவளிடம் சொல்லுங்கள்."

"நான் சொல்லமாட்டேன்" என்றேன். அப்படி ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் யாரிடமும் நான் சொன்னதே இல்லை. மல்லிகாவின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பவி, ஒசாக்காவில் உன் முன்னால் உட்காரப்போகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் புது மொழிக்குள் நுழைகிற பெரியவர்கள் எல்லோரும் பயந்துதான் வருவார்கள். சீக்கிரம் நல்ல பெயர் வாங்க ஆசைப்படுவார்கள். அவர்களுக்குப் பணிவைச் சொல்லிக்கொடுப்பது ரொம்பச் சுலபம், பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல எடுத்துக்கொள்வார்கள். "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்பதை முதல் மாதமே சொல்லிக்கொடு. வாய் வலிக்கும்வரை சொல்லவை. ஸாரி பிறகு வரட்டும். அதோடு, உன்னை அன்றைக்கு அதட்டி அடக்கினேனே, அதற்கு நான் பதினாறு வருஷமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு காரணமும் இல்லை. நீ சொன்னது சரி. அறையில் தனியாகத் தையலோடு படுத்திருந்த அந்த நாலு நாளும் என்ன நடந்தது என்று கிளம்புவதற்குள் ஒரு நாள் எனக்குச் சொல்வாயா? நான் குறுக்கே பேசமாட்டேன். சொல்லப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்றே சொல்.

நேற்றுக் காலை மல்லிகா கூப்பிட்டார். அதனால்தான் இன்று இதை எழுத முடிந்தது. அந்த மேடம் அவரிடம் பேசினாராம். எடுத்ததும் ஸாரி, ஸாரி என்று அழுதாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருங்க மேடம்னு சொல்லிட்டு, அன்னிக்குக் காலையில எழுந்ததுலேர்ந்து நடந்த எல்லாத்தையும் சொன்னேன் டீச்சர். இங்கிலீசு மறந்துபோச்சு, தமிழ்லயே சொன்னேன். அவங்களுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. ஆனா போன வைக்கல, கடைசி வரைக்கும் கேட்டாங்க."

அம்மா